பிரியாவிடை மலரில் பெற்றோர் பக்கம் ஏன் வெறுமையாகக் கிடக்கிறது?

பாடசாலையை விட்டுப் போகும் பிள்ளைகளுக்கு எழுதப்பட்ட வாழ்த்துச் செய்திகளில் ஒரு பத்தைக் கையில் எடுங்கள். பெயர்களை விரலால் மறைத்துவிட்டு வாசியுங்கள். எது யாருக்கு எழுதப்பட்டது என்று எழுதியவராலேயே சொல்ல முடியாது. எதிர்காலம் ஒளிமயமாக அமைய வேண்டும், கல்வியில் மென்மேலும் உயர வேண்டும், பெற்றோருக்கும் பாடசாலைக்கும் பெருமை சேர்க்க வேண்டும். பத்திலும் இதுதான் இருக்கும். இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் பதின்மூன்று வருடம் ஒரு பாடசாலையில் இருந்துவிட்டுப் போகிற பிள்ளை, அங்கிருந்த பெரியவர்கள் தன்னைக் கவனித்தார்களா இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தப் பக்கத்தைத் திறக்கிறது. ஒளிமயம் அதற்குப் பதில் சொல்வதில்லை.

கடந்த வருடம் மாத்தளை மாவட்டத்தில், ரிவர்ஸ்டனுக்குக் கீழே தோட்டப் பக்கமாக இருக்கும் ஒரு தமிழ்ப் பாடசாலையில் உயர்தர வகுப்பின் பிரியாவிடை மலரைத் தொகுக்க உதவி கேட்டார்கள். ஊடகக் கற்கை படித்தவர், பத்திரிகைகளுக்கு எழுதுகிறவர், ஆகவே மலர் செய்யத் தெரியும் என்பது அவர்களுடைய கணக்கு. முப்பதுக்குச் சற்றுக் குறைவான பிள்ளைகள். ஒரு கோப்பு நிறையத் தாள்கள் வந்தன. அந்தக் கோப்பை வைத்துக்கொண்டு ஆறு வாரம் செய்த வேலையில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த வருடமும் வேறு பல பாடசாலைகளில் இதே கோப்பை யாரோ திறக்கப் போகிறார்கள்.

ரிவர்ஸ்டனைப் பற்றிச் சொல்ல அதிகம் தேவையில்லை. பேஸ்புக்கில் எல்லோரும் பார்த்ததுதான். மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக இலுக்கும்புர போகும் பாதையில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேல் விளிம்பில் இருக்கும் கணவாய். உச்சியில் ஒரு தொலைத்தொடர்புக் கோபுரம். கொஞ்சம் தாண்டினால் பிட்டவல பத்தனைப் புல்வெளி. 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி இது. வார இறுதியில் கொழும்பு வான்கள் வரிசையில் நிற்கும். கீழே ரத்தோட்டைப் பக்கத்தில் தேயிலை, மிளகு, முன்பு ஏலம். அங்கே லயங்களில் இருப்பவர்களுக்கு ரிவர்ஸ்டன் என்பது பெரும்பாலும் மழை வருகிற திசை.

கோப்புக்கு வருகிறேன். ஆசிரியர்களின் செய்திகள் நான் மேலே சொன்ன மாதிரி. மாணவர்கள் ஆசிரியர்களுக்கு எழுதியவை இன்னும் மோசம். ஏணி, தோணி, மெழுகுவர்த்தி, கலங்கரை விளக்கம். பத்தொன்பது வயதுப் பிள்ளை, தனக்கு வணிகக் கல்வி படிப்பித்த டீச்சரை மெழுகுவர்த்தி என்று எழுதுகிறது. அந்த டீச்சர் அன்றாடம் மாத்தளையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். பஸ் வராத நாளில் முச்சக்கரவண்டிக்குத் தன் சம்பளத்திலிருந்து கொடுத்து வந்திருக்கிறார். இது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் எழுதவில்லை.

மூன்றாவது பிரிவுக்கு ‘பெற்றோர் இதயத்திலிருந்து’ என்று ஏற்கெனவே தலைப்புப் போட்டிருந்தார்கள். அதில் மூன்று தாள்கள் இருந்தன. ஒன்று பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளருடையது. மற்ற இரண்டும் ஒரே கையெழுத்து.

பிள்ளைகளுக்கு எழுத வராது என்று நினைத்துவிடக் கூடாது. அந்த வகுப்பு கடைசிச் சுற்றுலாவாக ரிவர்ஸ்டனுக்குத்தான் போனது. அவ்வளவு பக்கத்தில் இருந்தும் பாதிப் பேர் அதற்கு முன் மேலே ஏறியதில்லை என்றார்கள். நானும் கூடப் போனேன். கோபுரத்துக்குப் போகும் வழியில் மூடுபனி. முன்னால் போகிறவரின் முதுகு மட்டும்தான் தெரியும். அந்த முதுகுகளில்தான் எழுதிக்கொண்டு போனார்கள். பழைய வெள்ளைச் சீருடைச் சட்டையில் மார்க்கர் பேனாவால் ஒருவருக்கொருவர் எழுதுவது இப்போது நாட்டின் பல பாடசாலைகளில் உள்ள வழக்கம். அதிபர்களுக்குப் பிடிக்காது. வாசித்துப் பார்த்தால் ஒரு வரியும் வீணில்லை. சோற்றுப் பெட்டியைத் திருடியதற்கு மன்னிப்பு. இருநூறு ரூபா கடன் பாக்கி என்ற அறிவித்தல். தரம் ஒன்பதில் அழுதபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்ததற்கு நன்றி. ஈரக் காற்றில் மை பரவிப் பாதி எழுத்து கலைந்துபோனது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

அதே பிள்ளைகள், அதே வாரம், மலருக்கு எழுதும்போது மெழுகுவர்த்திக்குப் போய்விட்டார்கள். காரணம் எளிது. சட்டையில் எழுதும்போது முன்னால் ஒரு ஆள் இருக்கிறார். மலருக்கு எழுதும்போது மேடை இருக்கிறது. அதிபர் வாசிப்பார், வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர் வாசிப்பார் என்ற நினைப்பு வருகிறது. ஒளிவிழாவிலும் பரிசளிப்பு விழாவிலும் கேட்ட வரவேற்புரையின் தமிழ் உடனே கைக்கு வந்துவிடுகிறது. முன்பள்ளி விடுகை விழாவில் ஐந்து வயதுக் குழந்தைக்குக் கறுப்பு அங்கியும் தொப்பியும் போட்டு மேடையில் ஏற்றுகிற காலம் இது. மேடைத் தமிழைப் பிள்ளைகள் அங்கேயே கற்றுவிடுகிறார்கள்.

ஓட்டோகிராப் என்று நாங்கள் சொல்லும் சின்னப் புத்தகம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் விட்டன்பேர்க் பல்கலைக்கழக மாணவர்கள் ஊரை விட்டுப் போகும்போது தங்கள் ஆசிரியர்களிடமும் நண்பர்களிடமும் ஒரு ஏட்டில் எழுதி வாங்கிப் போனார்கள். மார்ட்டின் லூதரும் மெலாங்தனும் அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அது நினைவுப் பொருள் மட்டுமல்ல. அடுத்த ஊரில் இந்தப் பையன் யாரென்று காட்டும் அறிமுகமும் அதுவே.

ஆனால் படித்தவனுக்குப் படிப்பித்தவர் எழுதிக் கொடுப்பது தமிழுக்கு இரவல் சரக்கு அல்ல. ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம் எழுதித் தரத் தகுதியானவர்கள் யார் என்று நன்னூல் ஒரு பட்டியல் தருகிறது. நூல் செய்தவனின் ஆசிரியர், அவனோடு கூடப் படித்தவன், அவனுடைய மாணவன், நூலுக்கு உரை எழுதுகிறவர். ஏறக்குறைய எண்ணூறு வருடப் பழமையான இலக்கணத்தில் இது இருக்கிறது. நால்வருக்கும் பொதுவான ஒன்று, அவர்கள் அந்த ஆளையோ வேலையையோ பக்கத்திலிருந்து பார்த்தவர்கள். வாழ்த்துவதற்கான தகுதி அந்தப் பார்வையிலிருந்துதான் வருகிறது. ஒரு ஆசிரியர் தான் கண்ணால் கண்ட ஒன்றை எழுதினால் அது செய்தி. காணாத எதிர்காலத்தை எழுதினால் அது சடங்கு. பட்டியலில் தாயும் தகப்பனும் இல்லை என்பதையும் கவனித்தேன்.

பெற்றோர் பக்கம் வெறுமையாகக் கிடப்பதற்கு முதல் காரணம் எல்லோருக்கும் தெரிந்தது. இந்தத் தோட்டங்களில் இப்போது பிள்ளைகளை உயர்தரம் வரை அனுப்பும் தாய்மாரில் பலர் ஐந்தாம் வகுப்போடு, அல்லது அதற்கும் முன்னால் நின்றவர்கள். இலங்கையில் இலவசக் கல்வி வந்தது 1945இல். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில், அதுவும் கட்டம் கட்டமாக. இடையில் ஒரு தலைமுறை ஒற்றை அறையில், ஒற்றை ஆசிரியரிடம், கொழுந்து பறிக்கும் வயது வரும்வரை படித்தது. அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகள்தான் இப்போது பிரியாவிடை மலர் போடுகிறார்கள்.

இரண்டாவது காரணத்தை அவ்வளவாகப் பேசுவதில்லை. பாடசாலைக்கும் வீட்டுக்கும் இடையே இத்தனை வருடமாகப் போய்வந்த ஒரே எழுத்து மாணவர் தேர்ச்சி அறிக்கை. அதில் புள்ளிகளுக்கு ஒரு இடம், ஆசிரியரின் குறிப்புக்கு ஒரு இடம், பெற்றோருக்குக் கையொப்பக் கோடு. கோட்டில் கையெழுத்து வைக்கலாம், பெருவிரல் வைக்கலாம். சொல்வதற்கு அங்கே இடம் இல்லை. கூட்டத்துக்கு அழைத்தால் அதிபர் பேசுவார், இவர்கள் கேட்பார்கள். பதின்மூன்று வருடம் கோட்டில் மட்டும் கை வைத்த தாயிடம் திடீரென்று ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து இதயத்திலிருந்து எழுதித் தாருங்கள் என்றால் அவர் என்ன செய்வார்? மகளிடம் கொடுத்து, நீயே ஏதாவது எழுது என்பார். அந்த இரண்டு தாளும் ஒரே கையெழுத்தில் இருந்ததன் கதை அதுதான். வகுப்பில் அழகாக எழுதும் ஒரு பிள்ளை தன் தாய்க்கும், தோழியின் தாய்க்கும் சேர்த்து எழுதியிருந்தது.

இடம் வெறுமையாக இருந்தால் வேறு யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஆசிரியர் அறைச் சுவர்களிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் ஒரு கடிதம் உண்டு. ஆபிரகாம் லிங்கன் தன் மகனின் ஆசிரியருக்கு எழுதியதாம். ஆசிரியர் தினத்துக்குத் தமிழில் வாசிக்காத மேடை இல்லை. லிங்கன் அப்படி ஒரு கடிதம் எழுதியதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. அவர் எழுதியவற்றையெல்லாம் திரட்டி 1950களில் வெளியிட்ட தொகுதிகளில் அது இல்லை. இன்னொன்று எடிசனின் தாய் பற்றியது. மகனைப் பாடசாலை விலக்கியதாக வந்த கடிதத்தை, இவன் மேதை, இவனுக்குக் கற்பிக்க எங்களிடம் ஆள் இல்லை என்று மாற்றி வாசித்துக் காட்டினாராம். இதுவும் கட்டிய கதை. ஆசிரியர் ஒருவர் தன்னைக் குழம்பிய மூளை என்று சொன்னதைச் சிறுவன் எடிசன் கேட்டதும், தாய் கோபத்தோடு பாடசாலைக்குப் போய்ப் பிள்ளைக்காக வாதாடியதும், பிறகு வீட்டில் வைத்துத் தானே படிப்பித்ததும்தான் எடிசனே சொன்னவை. எனக்கு இந்த உண்மைக் கதைதான் பிடிக்கிறது. பொய்க் கதையில் தாய் ஒரு கடிதத்தை ஏமாற்றுகிறார். உண்மைக் கதையில் நேரே போய்ச் சண்டை பிடிக்கிறார். அப்படிச் சண்டைக்குப் போன தாய்மாரை நம்முடைய பாடசாலை வாசல்களில் நானே கண்டிருக்கிறேன்.

பெற்றோர் வரும் கடிதக் கதைகள் என்று தமிழ் மேடைகளில் அதிகம் போற்றப்படுபவை இரண்டும் பொய்யாக இருக்க, உண்மையான ஒன்றைச் சொல்கிறேன். அது மாணவன் ஆசிரியருக்கு எழுதியது. ஆனாலும் அதன் நடுவில் எழுதத் தெரியாத ஒரு தாய் இருக்கிறார். அல்பேர் காம்யு அல்ஜீரியாவில் ஏழைக் குடும்பத்தில் வளர்ந்தவர். தகப்பன் முதலாம் உலகப் போரில் இறந்துவிட்டார். தாய் வீடுகளில் சுத்தம் செய்யும் வேலைக்குப் போனவர், வாசிக்கத் தெரியாது, காதும் சரியாகக் கேட்காது. பையன் ஆரம்பப் பாடசாலையோடு வேலைக்குப் போகட்டும் என்பது பாட்டியின் முடிவு. வகுப்பாசிரியர் லூயி ஜெர்மேன் வீட்டுக்கே போய்ப் பாட்டியோடு பேசி, புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பையனை அனுப்பச் சம்மதம் வாங்கினார். தரம் ஐந்து புலமைப்பரிசிலுக்காக லயத்து வாசலில் போய் நின்ற எத்தனையோ ஆசிரியர்களை நினைத்துக்கொள்ளுங்கள். 1957இல் காம்யுவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. நவம்பர் 19ஆம் திகதி ஜெர்மேனுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரு பக்கம் கூட வராது. செய்தி கிடைத்ததும் முதலில் தாயை நினைத்ததாகவும், அடுத்து ஆசிரியரை நினைத்ததாகவும் அதில் இருக்கிறது. பரிசை ஏற்று ஆற்றிய உரைகள் நூலாக வந்தபோது அதையும் ஜெர்மேனுக்கே சமர்ப்பித்தார். கடைசியாக எழுதி முடிக்காமல் விட்ட நாவலின் கையெழுத்துப் பிரதியில், அதை ஒருபோதும் வாசிக்க முடியாத தாய்க்கு ஒரு சமர்ப்பணம் எழுதி வைத்திருந்தார்.

தாய் என்ன சொல்லியிருப்பார் என்பது அந்தப் புத்தகங்களில் இல்லை. கேட்டு எழுத ஆள் இருக்கவில்லை.

கேட்டு எழுதுவது என்ற யோசனை எனக்கு அங்கிருந்துதான் வந்தது. ஆனால் அதற்கும் நம்மிடமே முன்னோடி உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பெரும்புலவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தன் பாடல்களைத் தானே உட்கார்ந்து எழுதியவர் அல்ல. அவர் சொல்லிக்கொண்டே போவார், மாணவர்கள் ஏட்டில் எழுதிக்கொண்டே வருவார்கள். சொல்ல ஒருவர், எழுத ஒருவர் என்பது தமிழில் மகாவித்துவானுக்கே பொருந்திய முறை. தோட்டங்களிலும் புதிதில்லை. ஊருக்குக் கடிதம் போட வேண்டும் என்றால் பழைய நாளில் பாடசாலை வாத்தியாரிடம்தான் போவார்கள். அவர் திண்ணையில் வைத்துக் கேட்டு எழுதுவார். பதில் வந்தால் அவரே வாசித்தும் காட்டுவார்.

ஆகவே பெற்றோரிடம் தாள் கொடுப்பதை நிறுத்தினோம். பிள்ளைகளை இருவர் இருவராகப் பிரித்தோம். ஒவ்வொருவரும் தன் சோடியின் வீட்டுக்குப் போய், அந்தத் தாயோ தகப்பனோ சொல்வதைக் கேட்டு எழுதி வர வேண்டும். இந்த மாறாட்டம்தான் முக்கியம். தன்னைப் பற்றித் தன் தாய் சொல்வதைத் தானே எழுதச் சொன்னால் எந்தப் பிள்ளையும் வெட்கத்தில் பாதியை விட்டுவிடும். தாயும் மகள் முன்னால் மகளைப் புகழ மாட்டார், கண்பட்டுவிடும் என்பார். பக்கத்து லயத்துப் பிள்ளை வந்து கேட்டால் பேசுவார். கேள்வியையும் மாற்றினோம். வாழ்த்துச் சொல்லுங்கள் என்று கேட்கவில்லை. இந்தப் பிள்ளை ஸ்கூலுக்குப் போன இத்தனை வருசத்தில் உங்களுக்கு மறக்காத ஒரு நாளைச் சொல்லுங்கள் என்று கேட்கச் சொன்னோம்.

முதல் தடவை எழுதி வந்தவற்றில் ஒன்று: ‘எனது மகள் பொறுப்புணர்ச்சியும் சகோதர பாசமும் மிக்கவள். அவளது எதிர்காலம் சிறக்க இறைவனைப் பிரார்த்திக்கிறேன்.’ கேட்கப் போன பையனின் கைத்தொலைபேசியில் பதிவு இருந்தது. போட்டுக் கேட்டோம். தாய் சொன்னது இது:

‘நான் மலைக்கு போற நாள்ல இவதான் தம்பிய ஸ்கூலுக்கு கூட்டிட்டு போவா. வீட்ல ஒரே கொட. கொட எப்பவும் தம்பி பக்கம்தான் சாஞ்சிருக்கும். மத்தியானம் வந்து பார்த்தா இவளுக்கு ஒரு தோளு மட்டும் நனஞ்சிருக்கும். ஒரு நாளும் சொன்னதில்ல. எனக்கு தெரியும்.’

பையனைக் குறை சொல்ல முடியாது. அழகாக எழுத வேண்டும் என்றுதான் அவனும் நினைத்தான். இலக்கணப்படி திருத்த வேண்டும், மலரில் பேச்சுத் தமிழ் வரக்கூடாது என்று ஒரு ஆசிரியரும் சொன்னார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ‘சகோதர பாசம்’ எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும். நனைந்த தோள் ஒருத்திக்கு மட்டும்தான். எழுத்துப் பிழையைத் திருத்துங்கள், சொல்லைத் திருத்தாதீர்கள் என்று முடிவானது. எழுதியதைத் தாயிடம் திரும்ப வாசித்துக் காட்டுவதும் கட்டாயம். சிலர் ஒரு வரியை எடுக்கச் சொன்னார்கள். குடித்துவிட்டு வந்த தகப்பன் பற்றிய வரி, கடன் பற்றிய வரி. சொல்லும்போது வந்த பேச்சு அச்சில் வரத் தேவையில்லை என்று தீர்மானிக்கும் உரிமை சொன்னவருடையது. கீழே சொன்னவரின் முழுப் பெயர். கேட்டு எழுதிய பிள்ளையின் பெயர் அதற்கும் கீழே, சிறிய எழுத்தில்.

வெளியூர்ப் பெற்றோருக்கு வேறு வழி. அந்த வகுப்பில் சிலருடைய தாய்மார் மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போனவர்கள், தகப்பன்மார் கொழும்பில் கடைகளில், கட்டட வேலைகளில் இருப்பவர்கள். அவர்களிடம் வட்ஸ்அப் குரல் பதிவு கேட்டோம். இரவு பதினொரு மணிக்கு மேல், முதலாளி வீடு அடங்கிய பிறகு, தாழ்ந்த குரலில் வந்த பதிவுகள். அதை எழுதும்போது நாளையும் நேரத்தையும் இடத்தையும் சேர்த்துக்கொண்டோம்.

ஆசிரியர்களின் செய்திக்கு வருகிறேன். அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. மூன்று வகுப்பு, நூற்றுக்கு மேல் பிள்ளைகள், பாடத்திட்டம் முடிக்க ஓட்டம். கடைசி வாரத்தில் முப்பது செய்தி எழுதச் சொன்னால் ஒளிமயம்தான் வரும். செய்யக்கூடியது ஒன்றுதான். வரவுப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பயிற்சிக் கொப்பி. ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். தவணைக்கு ஒரு வரி போதும். கேட்ட கேள்வி, செய்த வேலை, வராத நாள். உயர்தர வகுப்பு முடியும்போது ஒரு பிள்ளைக்கு ஐந்தாறு வரி சேர்ந்திருக்கும். பாடசாலை விடுகைப் பத்திரத்தில் நடத்தை என்ற இடத்தில் ‘நன்று’ என்று எழுதுவதற்கு அப்பால் அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்ல ஆசிரியரிடம் ஏதோ இருக்கும்.

இன்னொரு விஷயம் இதைவிடப் பாரதூரமானது. நமது நாட்டில் பிரியாவிடை பரீட்சைக்கு முன்னால் வருகிறது. பெறுபேறு வருவதற்குப் பல மாதம் முன்பே செய்திகள் எழுதி முடிந்துவிடும். ‘நீ பல்கலைக்கழகம் போவாய், எனக்கு நம்பிக்கை இருக்கிறது’ என்று எழுதும் ஆசிரியர் அன்போடுதான் எழுதுகிறார். ஆனால் அனுமதிக்குத் தகுதி பெறுகிறவர்களிலும் ஒரு பகுதியினருக்குத்தான் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது. மூன்று பாடத்தில் ஒன்று தவறிய பிள்ளை அடுத்த வருடம் அந்தப் பக்கத்தைத் திறந்தால் அதே வாக்கியம் என்ன செய்யும்? அப்படி ஒரு பிள்ளை தன் ஓட்டோகிராப்பை ட்ரங்குப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டதாக அதன் அக்கா சொன்னார். எறியவில்லை, திறக்கவும் முடியவில்லை. ஆகவே ஒரு சோதனை வைத்துக்கொண்டோம். மூன்று ‘ஏ’ வந்தாலும் மூன்று ‘எஃப்’ வந்தாலும் இந்த வரி உண்மையாக இருக்குமா? உதாரணத்துக்கு ஒன்றை எழுதிப் பார்த்தேன்: ‘விளங்காத இடத்தில் விளங்கிய மாதிரித் தலையாட்டாத ஒரே ஆள் நீதான். உன்னால் நான் பல பாடங்களை இரண்டாம் முறை தயார்செய்ய வேண்டி வந்தது. இந்தப் பழக்கத்தை விட்டுவிடாதே.’ பெறுபேறு எதுவானாலும் இதை மறுக்க முடியாது.

மாணவர் ஆசிரியருக்கு எழுதுவதுதான் மூன்றிலும் எளிது, நேரமும் நிறைய உண்டு. மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் உ.வே.சாமிநாதையரைப் பாருங்கள். ஆசிரியர் இறந்தது 1876இல். அவரைப் பற்றி எழுதிய வரலாறு இரண்டு பாகமாக வந்தது 1933, 1934இல். ஏறக்குறைய அறுபது வருடம். அதில் ஆசிரியரின் பெருமை இருக்கிறது, கூடவே அவருடைய வறுமையும் அன்றாடப் பழக்கங்களும் இருக்கின்றன. வெங்கடராமன் என்ற பெயரைச் சாமிநாதன் என்று மாற்றி அழைத்தவரும் அந்த ஆசிரியரே. அவ்வளவு நினைவு வைத்திருக்க எல்லோராலும் முடியாது. டீச்சர் இரண்டு பஸ் மாறி வந்ததை நினைவு வைத்திருக்க முடியும். பிள்ளைகளிடம் நான் சொன்னதும் அவ்வளவுதான்: ஏணியை எடுத்துவிட்டு பஸ்ஸைப் போடுங்கள். சிரித்தார்கள். பிறகு எழுதினார்கள். அந்த டீச்சர் தன் பக்கத்தைத் திருத்தப் பார்வைக்காக வாங்கி, இரண்டு நாள் திருப்பித் தரவில்லை.

ரத்தோட்டைப் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இதைக் கேள்விப்பட்டுத் தன்னிடமிருந்த கொப்பி ஒன்றைக் காட்டினார். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பிறகு, குடும்பம் குடும்பமாகத் தலைமன்னார் கப்பலுக்குப் போன காலத்தில் அவருடைய மாணவர்கள் எழுதியது. அவற்றில் அலங்காரம் ஒன்றுமே இல்லை. பெரும்பாலும் முகவரிகள். ஒரு பிள்ளை, போகிற ஊரின் பெயர் வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை, போய்ச் சேர்ந்ததும் கடிதம் போடுகிறேன் என்று எழுதியிருந்தது. கடிதம் வந்ததா என்று கேட்டேன். அவர் கொப்பியை மூடிவிட்டுத் தேநீர் குடிக்கச் சொன்னார்.

மலர் அச்சுக்குப் போவதற்குச் சில நாள் முன் வகுப்பாசிரியர் ஒரு கேள்வி கேட்டார். தரம் பத்தில் இந்த வகுப்பில் இருந்து இடையில் நின்ற பிள்ளைகளுக்கு என்ன செய்வது? நான் அதை யோசிக்கவே இல்லை. ஆறு பேர். நால்வர் கொழும்புக் கடைகளில். ஒருத்தி கலியாணம் முடித்துவிட்டாள். இன்னொருவன் எங்கே என்று உறுதியில்லை. பிரியாவிடை என்பது கடைசி வரை இருந்தவர்களுக்கு நடப்பது. நின்றவர்களை ஒரு திங்கட்கிழமை பதிவேட்டில் காணவில்லை, அவ்வளவுதான். அவர்களிடம் யாரும் விடை பெறவில்லை, விடை கொடுக்கவும் இல்லை. மலரில் சேர்ப்பதா என்று கொஞ்சம் விவாதம் நடந்தது. மற்றப் பெற்றோர் என்ன நினைப்பார்கள் என்றார்கள். கடைசியில் ஆறு பக்கம் சேர்த்தோம். ஆசிரியர்கள் நினைவிலிருந்ததை எழுதினார்கள். ஒருவனுக்கு வந்தது இரண்டு வரிதான்: கரும்பலகையை அழிக்கும்போது மூலைவரை அழிப்பான், அவன் போன பிறகு மூலைகளில் பழைய திகதி அப்படியே கிடந்தது.

அவனுடைய பிரதியை வாங்க அவனுடைய அம்மா வேலை முடிந்து பாடசாலைக்கு வந்தார். கடையின் முகவரி அவரிடமும் இல்லை. புறக்கோட்டை என்று மட்டும் தெரியும். அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டச் சொன்னார், இரண்டு தடவை. தீபாவளிக்கு வருவான், அப்போது கையில் கொடுத்துவிடுகிறேன் என்று மழைக்கு நனையாமல் பொலித்தீன் பைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனார்.